தண்ணீருக்கு முதுகு

மே 2, வெள்ளி

காலை 158/98.

இரத்த அழுத்தத்தைத் தினமும் எழுதிவரச் சொல்லியிருக்கிறார் குன்னூர் டாக்டர். ஓர் எண்ணுக்கு ஒரு பக்கம் வீணாகிறது. மிச்ச இடத்தில் நடப்பதை எழுதுகிறேன். என் பக்கத்து நியாயம் எங்காவது எழுத்தில் இருக்கட்டும்.

கரிமந்து அணையிலிருந்து எங்கள் மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் சுரங்கத்தை நேற்று வடித்துவிட்டார்கள். மலைக்குள் தொள்ளாயிரம் மீட்டர். ஒரு லாரி போகும் அகலம், சுற்றிலும் கான்கிரீட். சில வருடங்களுக்கு ஒருமுறை காலி செய்து, ஆட்கள் விளக்கோடு நடந்துபோய்ச் சுவரைப் பார்ப்பது வழக்கம். வேறோர் ஊரில் அப்படிப் போன இருவர் கெட்ட காற்றில் மயங்கி விழுந்த பிறகு, ஆள் சும்மா உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு. இந்த முறை கேமரா வைத்த ட்ரோன் போகும்.

செயற்பொறியாளர் கிருபாகரன் இதைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஞானம் சார் பொறுப்பு எடுத்துக்கட்டும். அந்தச் சுரங்கத்தோட கைரேகை வரைக்கும் தெரிஞ்சவர் அவர்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். கிருபாகரன் என்னைவிட ஆறு வருடம் இளையவர். அவர் உட்கார்ந்திருப்பது எனக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலி.

கைரேகைக் கதை இது. 2013 கோடையில் நான் உள்ளே போனேன். அணைப் பக்கத்து மதகு ஒழுகியதால் மின் நிலையப் பக்கத்துக் கீழ்க்கதவு வழியாக ஏறினேன். அணையிலிருந்து 640ஆவது மீட்டரில் சுவரில் ஈரம் கசிந்தது. கரும்பாசியைக் கம்பி பிரஷால் தேய்த்ததும் ஒரு விரிசல். அதற்கு மேலே, சுரங்கம் கட்டிய காலத்தில் ஈரக் கான்கிரீட்டில் யாரோ ஒரு கொத்தனார் பதித்துவிட்டுப் போன கை. ஐந்து விரலும் தெளிவாக இருந்தன. 'இடது சுவர், 640' என்று அறிக்கை கொடுத்தேன். என் பேச்சை நம்பி ஒரு வருடம் பாதி உற்பத்தியில் ஓட்டினார்கள். அடுத்த கோடையில் சரிபார்க்க ஜெபராஜை அனுப்பினார்கள். மதகு சரியாகியிருந்ததால் அவன் மேலிருந்து இறங்கினான். 'இடது சுவர் 640: விரிசல் இல்லை, கைத்தடம் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

என் கோப்பில் 'ஆதாரமற்ற எச்சரிக்கை' என்று ஏறியது. எனக்குப் பெயர் கைரேகை சார்.

ஜெபராஜ் என்னோடு கோவையில் ஒரே பெஞ்சில் படித்தவன். இங்கே ஒன்பது வருடம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ். மேலிடத்துக்குப் பிடித்ததை எழுதினான் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. பதினொரு வருடமாக அவனோடு பேச்சில்லை. பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மார்த்தாண்டத்தில் தேனீ வளர்க்கிறானாம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பார்சலில் கேக் வரும். பிரிக்காமல் மதகு ஆபரேட்டர் போஜனிடம் கொடுத்துவிடுவேன்.

மே 3

154/96. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் நாளை வருவதாகச் சொன்னான். போன சனிக்கிழமையும் அதையேதான் சொன்னான்.

பால் ஊற்றும் செல்லாயி, தன் மகள் பிரசவத்துக்கு வந்திருப்பதாகச் சொன்னாள். ஜூன் இரண்டாம் வாரமாம். இவர்கள் இருப்பது சுரங்கம் போகும் மலைக்கு நேர் கீழே, தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான கீழ் லைனில். நாற்பது குடும்பம். "உங்க விரிசலு இன்னும் இருக்குதாங்க சார்?" என்று கேட்டாள். இவளுக்கும் தெரிந்திருக்கிறது.

மே 5, திங்கள்

ட்ரோன் ஓட்டுகிறவர் ஓர் ஆண் என்று ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை. நஸ்ரின் என்ற பெண். கோவை. முப்பது வயதிருக்கும். பெட்டியைத் திறந்து காட்டினாள். ஒரு கோழிக்கூடையைக் கவிழ்த்து மூடியது போல் கம்பிக்கூண்டு, அதற்குள் நான்கு விசிறிகள்.

"சுவத்துல இடிச்சாலும் கூண்டுதானுங்க இடிக்கும். பந்து மாதிரி தள்ளி வந்துரும்."

"பேட்டரி?"

"பத்து நிமிஷமுங்க சார். ஒரு தடவைக்கு ஒரு பக்கச் சுவர்தான் கிட்டப்போய் எடுக்க முடியும். நம்மகிட்ட நாலு செட் இருக்குது."

என் அறிக்கையின் நகலைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "எந்த இடதுங்க சார்?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. சுரங்க வேலைக்கு வருகிறவருக்கு முதல் பாடம் இது. ஆற்றிலும் வாய்க்காலிலும் சுரங்கத்திலும் இடது, வலது என்பது நம்முடைய கையைப் பொறுத்ததல்ல. தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். இங்கே வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தையே அவளுக்கும் சொன்னேன். "தண்ணிக்கு முதுகைக் கொடுத்து நில்லு. அப்புறம் கையை நீட்டு."

"சரிங்க சார். அப்ப நான் கீழ்க்கதவுலருந்து ஏத்துறப்போ, ட்ரோனுக்கு வலப்பக்கம் இருக்கறது உங்க இடது."

"என் இடது இல்லை. சுரங்கத்தோட இடது."

போஜன் பின்னால் நின்று சிரித்தான். "இது சாரோட மந்திரம் அம்மணி. நான் தூக்கத்திலயும் சொல்லுவேன்."

152/96.

மே 6

கீழ்க்கதவில் ஒரு சின்ன மேசை, திரை. போஜன் ஒரு கம்பத்தில் ஆண்டெனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கூடை எழும்பி இருட்டுக்குள் போனது. குளவிக்கூட்டம் தூரம் போவது போல் சத்தம் தேய்ந்தது.

திரையில் சுவர் ஓடியது. இருபது மீட்டருக்கு ஒன்றாகப் பெயின்ட் எண்கள். 860. 840. நான் சுவரைப் பார்த்துப் பார்த்து மூன்று மணி நேரம் வழுக்கி வழுக்கி நடந்த தூரம். 700. 660. கிருபாகரன் நாற்காலியின் பின்னால் நின்றார். அவர் வந்தது நல்லது, பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

640. கரும்பாசி. காய்ந்து செதில் செதிலாக உரிந்திருந்தது. அடியில் சுத்தமான கான்கிரீட்.

"இன்னும் கிட்டப் போம்மா."

போனாள். கூண்டு சுவரைத் தொட்டு உரசியது. மேலே, கீழே, 620 வரை, மறுபடி 660 வரை. ஒன்றுமில்லை.

கிருபாகரன் என் தோளில் கை வைத்தார். "விடுங்க சார். இருட்டுல யாருக்கும் தோணும்." கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அளக்கவில்லை. இரத்த அழுத்தத்தை அளந்து என்ன ஆகப்போகிறது.

மே 7

164/102.

மே 8

மழை. ஒரு மரம் விழுந்து விருந்தினர் விடுதிக்கு மின்சாரம் இல்லை. மின் நிலையத்தின் விருந்தினர் விடுதி. நஸ்ரின் பேட்டரிகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் பக்கம் மட்டும் இருந்தது. என் மனைவி மங்கை தோசை சுட்டாள்.

நஸ்ரின் தானாகவே சொன்னாள். "எங்கப்பா தண்ணித் தொட்டி கழுவுற கான்ட்ராக்டருங்க. மேல ஏறுறவரு, உள்ள இறங்குறவரு. ஒவ்வொரு நாளும் அவரு வீடு வர்ற வரைக்கும் எங்கம்மா வாசல்லயே நிப்பாங்க. இப்ப நான் ஒரு கூடைய அனுப்பிட்டு வெளிய உக்காந்து டீ குடிக்கறேன். அவருக்கு அதுல கொஞ்சம் வருத்தந்தான். இது என்ன வேலைங்கறாரு."

"சரியாகத்தான் கேட்டிருக்கிறார்" என்றேன்.

"ஆமாங்க சார். ஆனா உயிரோட இருந்து கேக்கறாரு."

மங்கை சிரித்துக்கொண்டே அவளுக்கு இன்னொரு தோசை வைத்தாள். எனக்கு வைக்கவில்லை.

மே 9, வெள்ளி

இருக்கிறது. கை இருக்கிறது.

வலது சுவர் ஒப்பந்தப்படி எடுத்தாக வேண்டியது. நான் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்திருந்தேன். கிருபாகரன் வரவில்லை. 640 தாண்டும்போது ஒரு வெள்ளைக் கோடு. சுண்ணாம்பு கசிந்து உறைந்தது. நஸ்ரின் நிறுத்தினாள். விளக்கைச் சாய்த்தாள். அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் பாசிக்கு அடியிலிருந்த பள்ளங்கள் நிழலாக எழுந்து வந்தன. முதலில் கட்டை விரல். பிறகு மற்ற நான்கும்.

போஜன் ஆண்டெனாவைப் பிடித்தபடியே எட்டிப் பார்த்தான். "சார், உங்க கை."

பதினொரு வருடம் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒவ்வொருவரின் முகமும் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் ஜெபராஜுக்கு நான்கு பக்கம் எழுதினேன். நல்ல கடிதம். 'நீ பார்க்க மறுத்ததை ஒரு கோழிக்கூடை பார்த்துவிட்டது' என்று தொடங்குகிறது. நாளை தபாலில் சேர்ப்பேன்.

138/88.

மே 10

நஸ்ரின் அறிக்கை தயார் செய்துகொண்டிருந்தாள். "வலது சுவர், 640ன்னு போட்டுட்டேங்க சார். உங்க பழைய அறிக்கையில இடதுன்னு இருக்குது. அதுக்கு என்ன எழுத?"

"அது வேறு. இது வேறு."

"கை?"

"கொத்தனார்கள் எங்கே வேண்டுமானாலும் கை வைப்பார்கள்."

அவள் என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை. தபால்தலை இல்லை.

மாலையில் கிருபாகரன் கூப்பிட்டார். முகம் மாறியிருந்தது. "சார், பழைய அறிக்கை ரெண்டுலயும் வலது சுவத்தப் பத்தி ஒண்ணும் இல்ல. அந்தக் கையும் வேறன்னு நீங்களே சொன்னீங்களாம். அப்போ இது புதுசு. இவ்ளோ சீக்கிரத்துல இவ்ளோ பெரிசுன்னா வேகமா வளருதுன்னு அர்த்தம். எவ்ளோ நீளம்னே படத்துல சொல்ல முடியல, பக்கத்துல அளவு எதுவும் இல்ல. நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். வர்ற திங்கக்கிழமை தலைமை அலுவலகத்துக்கு எழுதுறேன். சுரங்கத்தை மூடிடுவோம். மலைக்குள்ள எவ்ளோ தண்ணி எறங்கிருக்குன்னு தெரியாது. கீழ் லைன் மொத்தத்தையும் மழைக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துக்கு மாத்தணும்."

"மழைக்காலம் முழுக்கவா?"

"வேற வழி இருந்தா சொல்லுங்க சார்."

வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மே 11, ஞாயிறு

பால் வாங்கும்போது செல்லாயி கேட்டாள். "பள்ளிக்கூடத்துல கக்கூஸ் கூட சரியில்லைங்க சார். பிள்ளை பெத்தவள அங்க எப்படிங்க வச்சிருக்கறது?" செய்தி அதற்குள் போய்விட்டது.

பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினேன். 2013இன் களக்குறிப்பேடு இருந்தது. அட்டையில் இன்னும் பாசி மணம்.

பென்சில் படம். விரிசல், அதன் கவட்டை போன்ற பிளவு, மேலே கை. கையின் கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை 19 சென்டிமீட்டர். விரிசல் 2.10 மீட்டர். எல்லாம் அளந்திருக்கிறேன். அப்போது எல்லாவற்றையும் அளப்பேன். ஆனால் அலுவலக அறிக்கையில் படம் கிடையாது, கை கிடையாது. கையைக் கூட்டத்தில் வாயால் சொன்னதோடு சரி.

படத்துக்குக் கீழே ஒரு வரி: 'வலக்கையில் விளக்கு. இடக்கையை வைத்துப் பார்த்தேன், குளிர்ச்சி.'

இடக்கை.

நான் கீழ்க்கதவிலிருந்து ஏறிப் போனேன்.

பிளம்பர் வந்தான். குழாய் ஒழுகவில்லை.

மே 11, மாலை

எழுதிவிடுகிறேன். அணையைப் பார்த்தபடி நடந்தேன். வரும் தண்ணீருக்கு முகம் கொடுத்தபடி. என் இடக்கைப் பக்கம் சுரங்கத்தின் வலது. நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம் எனக்கு அன்று தோன்றவில்லை. ஜெபராஜ் மேலிருந்து இறங்கி, நான் எழுதிய சுவரைச் சரியாகப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறான்.

மங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்து குறிப்பேட்டைப் பார்த்தாள். அவளிடம் சொன்னேன். குறிப்பேட்டை மூடி என் மடியில் வைத்தாள். பிறகு, "ஜெபராஜ் சார் பொண்ணு கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன், தெரியுமா?" என்றாள். "எங்கம்மா வீட்டுக்குப் போறேன்னு உங்ககிட்ட சொன்னேன். அவரு உங்களப் பத்தித்தான் கேட்டுட்டே இருந்தாரு."

அந்த நான்கு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். வேறொரு கடிதம் எழுதினேன். அரைப் பக்கம்தான். கிருபாகரனுக்கு.

மே 12, திங்கள்

எட்டரைக்கே போய்விட்டேன். குறிப்பேட்டையும் கடிதத்தையும் மேசையில் வைத்தேன். கிருபாகரன் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"சார், இது உங்க கோப்புல ஏறும்."

"ஏறட்டும். அதில் இடம் நிறைய இருக்கிறது."

"புரியுதா உங்களுக்கு? விரிசல் இருந்துதுன்னு நிரூபிக்கிற அதே காகிதம் தப்பு உங்க பேர்லன்னும் சொல்லுது."

"கையின் அகலம் பத்தொன்பது சென்டிமீட்டர். அதை அளவுகோலாக வைத்து அந்தப் பெண்ணை அளக்கச் சொல்லுங்கள்."

நஸ்ரின் அரை மணியில் அளந்துவிட்டாள். படத்திலுள்ள கையை வைத்துக் கணக்குப் போட்டால் இன்றைய நீளம் 2.32 மீட்டர். அதே கவட்டை, அதே பிளவு. பன்னிரண்டு வருடத்தில் இருபத்திரண்டு சென்டிமீட்டர்.

"ஒரு சாண்" என்றார் கிருபாகரன். முதல் முறையாக உட்கார்ந்தார். "ஒரு சாண்தானா. அட, இதுக்கு நாலு துளை போட்டு சிமென்ட் பால் ஏத்தினா போதுமே. ஒரு வாரத்து வேலை." பிறகு, "கெட்ட காத்தத் தள்ள காற்றாடி வச்சு ஆள் அனுப்பலாம். எங்க போகணும்னு இப்ப தெரியுதே" என்றார்.

லைன் வீடுகளுக்கு அவரே போன் செய்தார். யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டாம்.

என்னை வழியனுப்ப எழுந்து வாசல் வரை வந்தார். இதுவரை வந்ததில்லை. இவரைப் பற்றி இதே நோட்டில் எழுதியதை அடிக்கலாமா என்று யோசித்தேன். நாற்காலியைப் பற்றியது மட்டும் இருக்கட்டும்.

மே 13

மங்கையிடம் எண் வாங்கினேன். மூன்று முறை போட்டுத் துண்டித்தேன். நான்காவது முறை அவனே திருப்பிக் கூப்பிட்டுவிட்டான்.

"லேய், யாருலே அது, அடிச்சு அடிச்சு வைக்கது?"

"ஞானம்."

மறுமுனையில் தேனீக்களா, மின்விசிறியா தெரியவில்லை, ஓர் இரைச்சல் மட்டும்.

"சொல்லுலே" என்றான்.

சொன்னேன். கீழ்க்கதவு, இடக்கை, விளக்கு, எல்லாம். வைத்துவிட்டானோ என்று பார்த்தேன்.

"தண்ணிக்கு முதுகு காட்டலியாலே நீ?" என்றான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். இருமல் வரும் வரை சிரித்தான்.

"நீ ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கலாம்" என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போன் செய்தேன். இதுதான் வாயில் வந்தது.

"பாத்திருக்கலாம். அந்த வருசம் மலையே காஞ்சு கெடந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்ல. இடது பக்கத்த மூணு மணி நேரம் தேச்சேன் மக்கா. எனக்கும் பிரஷுக்கும் ஒண்ணா பல்லு போச்சு. வலதத் தொடணும்னு தோணவேயில்ல. நீ இடதுன்னு எழுதியிருக்கே. நீ தப்பா எழுதுவேன்னு நான் எப்படி நெனப்பேன்?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"கேக்கு நல்லா இருந்துதாலே?" என்றான்.

"போஜன் நன்றாக இருந்ததாகச் சொன்னான்."

அளக்கவில்லை. மறந்துவிட்டது.

மே 14

146/92. நஸ்ரின் கிளம்பினாள். மங்கை தோசை மாவு ஒரு டப்பாவில் கொடுத்தனுப்பினாள். நஸ்ரின் என்னிடம், "அன்னைக்கு எந்த இடதுன்னு கேட்டதுக்குத் திட்டினீங்களே சார்" என்றாள்.

"இனி எல்லாரிடமும் கேள். திட்டினாலும் கேள்" என்றேன்.

மே 19

வேலை தொடங்கிவிட்டது. கீழ்க்கதவில் பெரிய காற்றாடி ஓடுகிறது. கெட்ட காற்று வந்தால் கத்தும் வாயுமானியைச் சட்டையில் மாட்டிக்கொண்டு, அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, நானும் போஜனும் கொத்தனார்களோடு போனோம். சுவரில் எதையும் தேடவில்லை. நேராக 640க்குப் போனோம், இருபது நிமிடத்தில்.

அங்கே நின்று அணைப் பக்கம் பார்த்தேன். பிறகு மெதுவாகத் திரும்பினேன். தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து, வலக்கையை நீட்டினேன். விரல்கள் அந்த விரல்களின் மேல் போய் உட்கார்ந்தன. என் கையைவிடச் சிறிய கை.

"சரியா நிக்கறீங்க சார்" என்றான் போஜன்.

கையின் மேல் சிமென்ட் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பக்கத்தில் பெயின்ட்டில் ஓர் அம்புக்குறியும், 'வலது' என்ற சொல்லும் நானே எழுதினேன்.

மே 27

நேற்று காலை மதகைத் திறந்தார்கள். மாலைக்குள் சுரங்கம் நிறைந்தது. கசிவு இல்லை. இன்று முழு உற்பத்தி. செல்லாயி பாலோடு நாலு முட்டை கொடுத்தாள், ஏன் என்று சொல்லவில்லை.

போஜன் கேட்டான். "அப்ப இந்த டிசம்பர்ல எனக்குக் கேக் கிடையாதா சார்?"

பாதி தருவதாகச் சொன்னேன்.

136/86.

மே 30

ஜெபராஜ் இரவு பஸ்ஸில் கிளம்பி நாளைக் காலை மேட்டுப்பாளையத்தில் இறங்குகிறான். இரண்டு பாட்டில் தேனோடு வருகிறானாம். மங்கை இப்போதே மாவு அரைக்கிறாள். பஸ் ஏறியதும் போன் செய்தான்.

"ஸ்டாண்டுல கூட்டமா இருக்குமே, எங்கலே நிப்பே?"

"வெளியே வரும் வாசலில். இடது பக்கம்."

"யாருக்கு இடதுலே?"